மாங்காய் சீசனும் விண்டோஸ் 11உம்: 2018 லேப்டாப்பை எப்போது மாற்றுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறீர்கள். 2018இல் சொந்தப் பணத்தில் வாங்கிய லேப்டாப்பில் இன்டெல் ஐ5-8250யூ பிராசஸர், 8 ஜிபி மெமரி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஹோம் ஆகியவை இருக்கின்றன. சீசன் மாதங்களில் அதை எடைமேடைக்கு எடுத்துச் சென்று லாரிகளுக்கு எடைச்சீட்டு போடுகிறீர்கள். மற்ற மாதங்களில் அதே லேப்டாப்பில்தான் வீட்டு நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி வேலையும் மகளின் படிப்பும் நடக்கின்றன. விண்டோஸ் 11க்கு மாற்ற முயன்றபோது இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று திரையில் வந்தது. கடையில் கேட்டபோது புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்படியே ஓட்டலாமா, மாற்றலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். புதிது வாங்கத் தேவையில்லை. உங்கள் லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 ஏறும் தகுதி பெரும்பாலும் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் இப்போது மாற்ற வேண்டாம். இந்த சீசன் முடிந்து செப்டம்பரில் மாற்றுங்கள். இடைப்பட்ட மாதங்களைப் பாதுகாப்பாகக் கடத்த ஒரு வழி இருக்கிறது. அதை இந்த வாரமே செய்துவிட வேண்டும். கிருஷ்ணகிரியில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் கணினி பார்த்துவரும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கு மறுநாளும் உங்கள் லேப்டாப் வழக்கம்போலத் திறந்திருக்கும், எடைச்சீட்டும் அச்சாகியிருக்கும். அதனால்தான் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நின்றுபோனது மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அந்தத் திருத்தத்தைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. போடாதவையும் ஆதரவு முடிந்துபோனவையும்தான் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 10இல் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்குத் திருத்தம் தேடி வராது, நாம் கேட்டு வாங்கினால்தான் வரும்.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். விண்டோஸ் டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10க்கும் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் காவலாளி போன்றது. பின்சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கிற கொத்தனார் வேலையை அது செய்யாது. எடைமேடையில் இணையம் இல்லாமல் மட்டுமே ஓடுகிற கணினியாக இருந்தால், பழைய விண்டோஸிலேயே இருக்கட்டும் என்று நானே சொல்லியிருப்பேன். உங்களுடையதில் வங்கிக் கணக்கு திறக்கப்படுகிறது, ஜிஎஸ்டி கடவுச்சொல் தட்டப்படுகிறது, மகள் பத்து தளங்களில் இருந்து பாடக் கோப்புகளை இறக்குகிறாள். அப்படிப்பட்ட கணினியைத் திருத்தம் இல்லாமல் ஓட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்து, தகுதி இல்லை என்று திரை சொன்ன விஷயம். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி மெமரி, 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ என்ற புதிய வகைப் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியைத் திறக்கும் அடிப்படை மென்பொருள்), பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஐ5-8250யூ என்பதில் கோடுக்கு அடுத்து வரும் 8 என்ற எண்தான் தலைமுறை. 2017இல் ஏழாம் தலைமுறை வாங்கியிருந்தீர்கள் என்றால் கடையில் சொன்னது சரியாக இருந்திருக்கும். நீங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே நிற்கிறீர்கள். பிறகு ஏன் தகுதி இல்லை என்று வருகிறது? நான் பார்த்த இப்படிப்பட்ட லேப்டாப்புகளில் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவோ இரண்டுமாகவோ இருந்தது.

ஒன்று, டிபிஎம் அணைந்து கிடப்பது. டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரப்படுத்தும் பகுதி. எட்டாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளில் இதற்கென்று தனிச் சில்லு இல்லாவிட்டாலும், பிடிடி என்ற பெயரில் உள்ளேயே அந்த வசதி இருக்கும். பயாஸில் செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்ட் பகுதிக்குள் சென்று அதை எனேபிள் செய்தால் போதும்.

மற்றொன்று கொஞ்சம் நுணுக்கமானது. நம் பக்கத்தில் லேப்டாப் ஒருமுறை மெதுவானால் கடையில் கொடுத்து ஃபார்மட் செய்து வாங்குவது வழக்கம். அப்படிச் செய்பவர்களில் சிலர் பழைய பழக்கத்தில், யூஇஎஃப்ஐக்கு முந்தைய லெகஸி முறையில் விண்டோஸைப் போட்டுவிடுவார்கள். உங்களுடையது எப்படி என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். அதில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் கவலையில்லை. லெகஸி என்று இருந்தால், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை ஜிபிடி முறைக்கு மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. கோப்புகளை அழிக்காமலே மாற்றித் தரும். இதில் வரிசை முக்கியம். முதலில் டிஸ்க்கை மாற்ற வேண்டும், அதன் பிறகே பயாஸில் யூஇஎஃப்ஐக்குத் திருப்ப வேண்டும். தலைகீழாகச் செய்தால் லேப்டாப் திறக்க டிஸ்க்கே இல்லை என்று சொல்லி நிற்கும். அப்படி நின்றாலும் பதற வேண்டாம், பயாஸை மறுபடி லெகஸிக்குத் திருப்பினால் பழையபடி திறந்துவிடும். இதில் கைப்பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் விண்டோஸ் 11 உங்களுக்கு இலவசம். சொந்த லேப்டாப்பில் ஏதோ நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயங்குகிறது என்று எழுதியிருந்தால், ஃபார்மட் செய்தவர் திருட்டுச் சாவியைப் போட்டிருக்க வேண்டும். அந்தத் திருட்டுச் சாவிக்கான மென்பொருளே வைரஸ் நுழையும் வாசலாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸோடு வந்தது என்றால் அதன் உண்மையான சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோம் பதிப்பைப் புதிதாகப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

இவ்வளவு சாதகமாக இருந்தும் ஏன் இப்போதே மாற்ற வேண்டாம் என்கிறேன்? காரணம் உங்கள் எடைமேடை. மூன்று ஆண்டுகளுக்கு முன் போச்சம்பள்ளிப் பக்கம் நண்பர் ஒருவரின் எடைமேடையில் இருந்த லேப்டாப்பை நான்தான் விண்டோஸ் 11க்கு மாற்றினேன். ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் மும்முரமாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்து பதினோரு மணிக்கெல்லாம் புது விண்டோஸ் அழகாகத் திறந்தது. பில்லிங் திறந்தது, பிரிண்டர் அச்சடித்தது. எல்லாம் சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். எடைமேடையில் ஒரு வண்டியை ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. காலை ஆறரைக்கு முதல் லாரி மேடையில் ஏறியபோது, இண்டிகேட்டர் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை ஓடுகிறது, லேப்டாப் திரையில் வெறும் பூஜ்யம் நிற்கிறது.

இண்டிகேட்டரில் இருந்து வரும் பழைய ஒன்பது முள் சீரியல் வயரை யூஎஸ்பியாக மாற்றுகிற கன்வெர்ட்டர்தான் அங்கே சிக்கல். டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்குப் பதிலாக, பிஎல்2303டிஏ விண்டோஸ் 11ஐ ஆதரிக்காது, விற்றவரை அணுகுங்கள் என்ற பொருளில் ஒரு வரியே பெயராக வந்து நின்றது. பிஎல்2303 வகைச் சில்லுகளில் பழைய ரகங்களுக்கு அதன் தயாரிப்பு நிறுவனம் புதிய டிரைவர்களில் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஆதரவை நிறுத்திவிட்டது. விலை குறைந்த கன்வெர்ட்டர்களில் அந்தப் பழைய ரகங்களும் அவற்றின் போலிகளும்தான் அதிகம். கிருஷ்ணகிரியில் அன்று கிடைத்த இரண்டு கன்வெர்ட்டர்களிலும் அதே கதை. கடைசியில் ஒரு பையனைப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு அனுப்பி, எஃப்டிடிஐ என்ற வேறு நிறுவனத்தின் சில்லு உள்ள வயரை வாங்கி வந்து மாட்டியபோது மாலை நான்கரை. அதுவரை சீட்டைக் கையால் எழுதினோம். மேடையில் இருந்து சாலை வரை லாரிகள் வெயிலில் நின்றன, தார்ப்பாய்க்கு அடியில் காய் சூடேறிக்கொண்டிருந்தது, ஓட்டுநர்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நாளை நான் மறக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதே கவனம் எடைச்சீட்டு மென்பொருளுக்கும் வேண்டும். விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது. சாதாரண 32-பிட் மென்பொருள்கள் அதில் ஓடும்; ஆனால் டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய 16-பிட் மென்பொருள்கள் நேரடியாக ஓடவே ஓடாது. நம் மாவட்டத்தில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு சேர்ந்து அப்படிப்பட்ட மென்பொருள்களை இன்னமும் வைத்திருக்கிற இடங்கள் உண்டு. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும் வகையா, சுட்டியால் அழுத்தும் வகையா என்று பாருங்கள். கறுப்புத் திரை வகை என்றால் எழுதித் தந்தவரைத் தேடிப் பேசிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் அதன் புதிய டிரைவரையும், பிரிண்டருக்கு 64-பிட் டிரைவரையும் முன்கூட்டியே இறக்கிப் பெண்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடியும் வரை பாதுகாப்பாக ஓட்ட ஒரு வழி இருக்கிறது என்றேன். ஈஎஸ்யூ எனப்படும் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டம்தான் அது. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். அந்தக் கணக்கில் செட்டிங்ஸைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் எதுவும் இல்லை; அதில் விருப்பம் இல்லாதவர்கள் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளையோ 30 டாலரையோ கொடுத்துச் சேரலாம். இது தனிப்பட்ட உபயோகத்துக்கான கணினிகளுக்கு என்று வகுத்த திட்டம். நிறுவனங்களின் கணினிகளுக்கு முதல் ஆண்டுக்கு 61 டாலர் என்று வேறு கணக்கு. லேப்டாப் உங்கள் சொந்தப் பொருள் என்றாலும், தொழிற்சாலையின் எடைமேடைக்கு அவர்களே தனியாக ஒரு கணினி வைப்பதுதான் முறை என்பதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள். இணையமே இணைக்காத ஒரு பழைய மேசைக் கணினி அந்த வேலைக்குத் தாராளம். அப்படி அவர் வைத்துவிட்டால் உங்கள் லேப்டாப்பை நாளைக்கே மாற்றலாம், செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நாள் கணக்கைப் பாருங்கள். மே மாதம் காய் இறங்க ஆரம்பித்தால் கூழ் வேலை ஓய ஆகஸ்ட் ஆகிவிடும். ஈஎஸ்யூ அக்டோபர் 13 வரை கை கொடுக்கிறது. நடுவில் செப்டம்பர் மாதம் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. மாற்றி, தவறு நேர்ந்தால் திருத்தி, மறுபடி சோதித்துப் பார்க்க அது போதுமான நேரம்.

சீசனுக்கு முன் செய்ய வேண்டிய வேறொரு வேலையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் விண்டோஸ் மாற்றத்தை விட அதுதான் உங்கள் லேப்டாப்பின் ஆயுளைக் கூட்டும். 2018இல் வந்த அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். உள்ளே தட்டு சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11ஐப் போட்டால், திறந்து கைக்கு வருவதற்குள் காபி ஆறிவிடும். பிறகு விண்டோஸ் 11 மோசம் என்று பழி அதன் மேல் விழும். எட்டு ஆண்டு ஓடிய டிஸ்க், அதுவும் லாரி ஏறி இறங்கும்போது அதிர்கிற எடைமேடை அறையில் சீசன் சீசனாக இருந்தது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நிலை மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்துவிடலாம், அதனால் விண்டோஸ் 10உம் எடைச்சீட்டு மென்பொருளும் இருந்தபடியே இருக்கும். மெமரிக்கு 8 ஜிபி உங்கள் வேலைக்குப் போதும். 2025 இறுதியிலிருந்து மெமரி, எஸ்எஸ்டி விலைகள் வெகுவாக ஏறியிருக்கின்றன. புதிய லேப்டாப் விலையும் சேர்ந்து ஏறியிருக்கிறது. புதிது வாங்க இது நல்ல காலம் அல்ல என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். 500 ஜிபி எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போடும் வழிகள் உண்டு, கடைகளில் செய்தும் தருகிறார்கள். அப்படிப் போட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் பாப்கவுண்ட் என்ற கட்டளையை அறியாத மிகப் பழைய பிராசஸர்கள் திறக்காமலே நின்றுபோயின. பணம் புழங்கும் கணினியில் இதை நான் செய்து கொடுப்பதில்லை. படிப்புக்கும் இணையத்துக்கும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், 2029 வரை திருத்தங்கள் வரும். அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப்புகள் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் பரணில் நிறையக் கிடக்கின்றன. எஸ்எஸ்டி மாற்றி மிண்ட் போட்டால் அவற்றில் பல இன்னும் உழைக்கும்.

செப்டம்பரில் மாற்றும் நாளைப் பற்றிச் சில வார்த்தைகள். இறக்க வேண்டிய கோப்பு ஐந்து முதல் ஏழு ஜிபி வரை வரும். செல்போன் ஹாட்ஸ்பாட்டின் தினசரி அளவுக்குள் அது அடங்காது. ஃபைபர் இணைப்புள்ள இடத்தில் இறக்கிப் பெண்டிரைவில் எடுத்து வாருங்கள். உங்கள் ஊர்த் துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்து அந்த நாளைத் தவிருங்கள். எட்டு வயது பேட்டரி பத்து நிமிடம்கூட நிற்காது என்பதால் யூபிஎஸ்ஸில் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். அன்று பயாஸையும் அப்டேட் செய்தால், அதன் நடுவே கரண்ட் போனால் மதர்போர்டே செத்துப்போகக்கூடும். தமிழ்க் கடிதங்களை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்திருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளைத் தனியே நகல் எடுங்கள். புதிதாகத் தட்டுவதற்கு விண்டோஸ் 11இலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. டிஸ்க்கில் இருப்பதைச் சாவி போட்டுப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் 48 இலக்கச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பயாஸில் கை வைத்த பிறகு லேப்டாப் அதைக் கேட்கக்கூடும்.

மாற்றிய பிறகு பத்து நாள் வரை பழைய விண்டோஸுக்கே திரும்பும் வசதி இருக்கும். இடம் பிடிக்கிறதே என்று அதற்கு முன் டிஸ்க் கிளீனப் ஓட்டி, பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறையை அழித்துவிடாதீர்கள். அந்தப் பத்து நாளுக்குள் லேப்டாப்பை ஒருமுறை தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்று இண்டிகேட்டரில் இணைத்து, கிடைக்கிற டிராக்டரையோ வேனையோ மேடையில் ஏற்றி, எடை திரையில் ஓடுகிறதா, சீட்டு அச்சாகிறதா என்று பார்த்துவிடுங்கள். எஃப்டிடிஐ சில்லு வயர் ஒன்றை இப்போதே வாங்கி மேசை டிராயரில் போட்டு வையுங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காமல், மேலே தேதியை எழுதி, துணியில் சுற்றி பீரோவில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு முதல் லாரிக்குச் சீட்டு போட்ட பிறகு அதை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம்.